மேல் வகுப்பும் எழுதும் திறனும்



ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணாக்கர் சிலர் கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுகின்றனர். அவர்களிடமே, "நேற்று உங்கள் தெருவில் நடந்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள்" என்று சொன்னால், பேனா அசைய மறுக்கிறது. இந்நிலை எதனால் வந்தது, இதற்குச் செய்யக்கூடியது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்குறையின் பரப்பை முதலில் பார்ப்போம். 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் வீடு வீடாகச் சென்று கல்வி நிலையை ஆராய்ந்து, 'அசர்' என்னும் அறிக்கையை வெளியிட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கைக்காக, 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரையுள்ளோர் ஏறத்தாழ 35,000 பேரைச் சோதித்தனர். நூற்றுக்கு 86 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு கல்வி நிலையத்தில் பெயர் பதிந்திருந்தனர். ஆயினும் நால்வரில் ஒருவரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் வட்டார மொழியில் தடையின்றிப் படிக்க இயலவில்லை. இது படிப்பைப் பற்றிய கணக்கு. படிக்கவே திணறுவோர் எழுதுவதில் எந்நிலையில் இருப்பர் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

"எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்ததால் வந்த வினை இது" என்று பலர் கூறுகின்றனர். 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எக்குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைத்தலாகாது என்று விதித்தது உண்மையே. 2019இல் செய்த திருத்தம், ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு நடத்தி நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. ஆனால் அச்சட்டத்திலேயே மற்றொரு கடமையும் உண்டு. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அளந்தறிந்து, தேவைப்படுவோர்க்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அது. முதல் விதியைப் பின்பற்றுவது எளிது. வருகைப் பதிவேட்டில் பெயரை அடுத்த வகுப்புக்கு மாற்றினால் போதும். இரண்டாவதற்கு நேரமும் ஆளும் பொறுமையும் வேண்டும். பல பள்ளிகளில் முதலாவது நடந்தது, இரண்டாவது நின்றுபோயிற்று.

இனிச் சித்தூர், திருப்பதிப் பகுதியை நோக்குவோம். 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரலில் நிகழ்ந்த எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் நகரியும் ஆந்திரத்தில் நிலைத்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, சத்தியவேடு, குப்பம் ஆகிய பக்கங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல. அங்குள்ள பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பாடநூலில் பெரும்பாலும் ஆங்கிலம். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வகைசெய்யும் அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, 1956இல் சேர்க்கப்பட்டது. அது பேசுவதும் தொடக்கக் கல்வி அளவுக்கே.

பல மொழி அறிவது பாரமன்று. ஓர் எழுத்துமுறையில் கை திருந்திய பிள்ளைக்கு மற்றொன்று விரைவில் வரும். எதுவும் திருந்தாத நிலையில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுவதே இடர். தெலுங்கில் ககர ஒலிக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. மெய்யோடு மெய் கூடுமிடத்துத் தெலுங்கர் இரண்டாம் எழுத்தை அடியில் 'வத்து' ஆக இடுவர். நாம் முதலெழுத்தின் தலையில் புள்ளி வைப்போம். தமிழின் ழகரம் தெலுங்கில் இல்லை. இவற்றோடு, 'வந்துட்டான்' என்று பேசும் பிள்ளை 'வந்துவிட்டான்' என்று எழுதக் கற்க வேண்டும். இத்தனையையும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து காட்டிக் கொடுத்தாலொழியப் பிள்ளை தானே கண்டுகொள்வதரிது.

இதற்கான வழியும் அதே மண்ணில் தோன்றியது நமக்கு ஊக்கமளிப்பதாகும். 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலிப் பள்ளி உள்ளது. அதைச் சார்ந்தோர் 1980களில் தொடங்கிச் சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகளை நடத்தினர். அங்கே பாடங்கள் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப் படிகள் போல் வரிசையாக அமைக்கப்பட்டன. ஒரு படி கைவந்த பின்னரே பிள்ளை அடுத்த படிக்குச் செல்லும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இம்முறையைத் தழுவின. பின்னர் அது செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. நம் பழைய திண்ணைப் பள்ளியிலும் வயதுக்கேற்ற வகுப்பு கிடையாது. மணலில் விரலால் எழுதிய பாடம் கைவந்த பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் செல்வர்.

இம்முறை சிறுவர்க்கானது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அணில், ஆடு அட்டைகளைக் கொடுத்தால் வெட்கத்தால் குன்றிப்போவான். அவனுக்குப் பேருந்துப் பலகை, கிரிக்கெட் செய்தி, கடைக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டே எழுத்தைக் கற்பிக்க வேண்டும். மேல்வகுப்பு மாணாக்கர்க்கென்றே தமிழ்நாடு அரசு 2025இல் 'திறன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது.

வெளி மாநிலங்களில் வாழும் பெற்றோர் வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். பார்த்து எழுதுதல், சொல்வதைக் கேட்டு எழுதுதல், தானே எண்ணி எழுதுதல் என்பன அவை. முதலாவதில் தேறி இரண்டாவதில் தடுமாறினால், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு பதியவில்லை என்று அறிக. மூன்றாவதில் மட்டும் தடுமாறினால், பயிற்சியே குறை. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஊரிலுள்ள பாட்டிக்கு நான்கு வரிக் கடிதம், மளிகைப் பட்டியல், அன்று கண்ட காட்சி என எதையேனும் எழுதச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். தாள் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பினால் மறுநாள் பிள்ளை தாளைத் தொடமாட்டான். தமிழில் இயலாவிடின் இந்தியிலோ தெலுங்கிலோ முதலில் கை திருந்தட்டும். தமிழ் பின்னால் வந்து சேரும்.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் என் மேசைக்கு விண்ணப்பங்கள் பல வருகின்றன. பள்ளியில் பல ஆண்டுகள் பயின்றோரின் விண்ணப்பங்கள் சிலவற்றிலும் எழுத்து வேறொருவருடையதாகவும், கையொப்பம் மட்டும் அவருடையதாகவும் இருக்கின்றன. எழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டால் அவர் கோரிக்கையே மாறிப்போகும். மாறியது அவருக்குத் தெரியவும் தெரியாது. நம் பிள்ளைகள் தம் கோரிக்கையைத் தம் கையாலேயே எழுத வல்லவராதல் வேண்டும். அதற்குரிய பத்து நிமிடத்தை இன்று மாலையே ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.