ரோதை இல்லாத பறக்கும் படகு

(தோட்ட வாசிகசாலையில் நடந்த பிள்ளைகள் தினக் கூட்டத்தில், கல்கிசையில் வசிக்கும் மரவேலைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை.)



மேசைமேல் இருக்கிற இந்தச் சாமான் என்னவென்று நான் வந்ததிலிருந்து பிள்ளைகள் கேட்டபடி இருக்கிறார்கள். அடியைப் பார்த்தால் வள்ளம். மேலே பார்த்தால் விமானம். ரெண்டும் சரிதான். தண்ணியிலே இறங்கி, தண்ணியிலிருந்தே கிளம்புகிற "பறக்கும் படகு" இது. பெயர் கட்டலீனா. அமெரிக்காக்காரன் செய்தது. அசல் விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 104 அடி. பத்தடிக் காம்பரா பத்து உள்ள லயத்தைவிடக் கொஞ்சம் நீளம். நான் செய்திருப்பது அதில் 48-ல் ஒரு பங்கு. இறக்கை 66 சென்ரிமீற்றர், உடம்பு 40 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட.

இதைப்பற்றித் தோட்டத்திலே பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். 1942 மார்ச்சில் ஜாவாத் தீவு ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அங்கேயும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. மலாயாவின் றப்பர் அதற்கு முன்னமே போய்விட்டது. அதற்குப் பிறகு தேயிலைக்கும் றப்பருக்கும் வெள்ளைக்காரன் பெரிதாக நம்பியிருந்தது இலங்கையையும் இந்தியாவையும்தான். நம்ம தாத்தா ஆயா பறித்த கொழுந்து அது. அந்த ஏப்ரலில் ஜப்பானின் பெரிய கப்பற்படை இலங்கையை நோக்கி வந்தது.

காலிக்குப் பக்கத்திலே கொக்கலை வாவி இருக்கிறது. அங்கிருந்து ஏப்ரல் 4 காலையில் ஒரு கட்டலீனா கிளம்பியது. கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் என்பவர் விமானி. அவரோடு சேர்த்து ஒன்பது பேர். அவர் இலங்கைக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. பகல் முழுக்கக் கடலைப் பார்த்துப் பறந்து, பின்னேரம் தூரத்தில் புள்ளி புள்ளியாகக் கப்பல்களைக் கண்டார்கள். கிட்டப்போய் எண்ணி, கம்பியில்லாத் தந்தியில் கொழும்புக்கு அறிவித்தார்கள். மூன்று தரம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லி முடிக்குமுன்னே ஜப்பானிய விமானங்கள் சுட்டுவிட்டன. மூன்று பேர் செத்தார்கள். ஆறு பேர் கைதிகள். பேர்ச்சலுக்கு 1945 வரை சிறை. அறிவித்தல் வந்தபடியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்ப முடிந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் குண்டு விழுந்தது. துறைமுகத்திலும் விழுந்தது, எங்கள் கல்கிசைக்கு அடுத்த ரத்மலானை விமான நிலையத்திலும் விழுந்தது.

இனி என் கதை. நானும் உங்களைப்போல லயத்துப் பிள்ளைதான். பதினாலு வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனேன். அப்பா ஸ்டோரிலிருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டி வாங்கி, தன் கையாலே ஆணி அடித்து, என் ரெண்டு சட்டையை அதிலே வைத்து ரயிலேற்றினார். மொறட்டுவையில் ஒரு பாஸிடம் தச்சுவேலை பழகினேன். உளி பிடிக்கத் தெரிந்த பிறகு ஆசை வந்தது, இந்த விமானத்தைச் செய்ய.

உடம்பு அல்பீசியா மரம். லேசு, குடைவது சுகம். இறக்கைக்குள்ளே விலா எலும்புபோல இருப்பது அப்பாவின் பெட்டிப் பலகை. எஞ்சின் மூடிகளுக்கு அதே பெட்டியின் உள்தகரத் தாள். அசலில் இறக்கையின் பின்பாதி தகரமில்லை, துணி. அதனால் நானும் மெல்லிய தாளைப் பசை பூசி ஒட்டினேன். முதுகுப் பக்கம் ரெண்டு புறமும் கண்ணாடிக் குமிழ் தெரிகிறதா? உள்ளே இருக்கிறவன் அதிலிருந்துதான் கடலைப் பார்ப்பான். சோடாப் போத்தல் பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி, மர அச்சில் அமத்தி எடுத்தது. பதினொன்று பழுதாகி, பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் சரிவந்தன. இறக்கை நுனியில் இருக்கிற மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி இறக்கையோடு சேர்ந்துவிடும். அதுவும் மடங்கும்படி செய்தேன். இந்த வேலைக்கு மட்டும் ஒரு மாதம் போனது, வீட்டிலே ஏச்சு வாங்கியபடி.

ஏழு மாதத்தில் முடித்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், சிங்களவர், நான் சீயா என்றுதான் கூப்பிடுவேன். சிறுவயதில் கொக்கலையில் இருந்தவர். விமானத்தளம் கட்டவென்று அந்த ஊர்ச்சனத்தை எழுப்பியபோது அவருடைய குடும்பமும் வெளியேறியது. அவர் வந்து பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மல்லி, இதுக்கு ரோதை இல்லையே" என்றார்.

ரோதைமுனிக்குப் பூசை வைக்கிறோமே, அந்த ரோதைதான், சில்லு. நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய படத்தைப் பார்த்து ரெண்டு பக்கமும் குழி வெட்டிச் சில்லு வைத்திருந்தேன். அந்தப் படம் தரையிலும் இறங்கக்கூடிய பிந்திய ரகம். பேர்ச்சலுடையது தண்ணிக்கு மட்டுமானது. "ஆட்கள் தண்ணிக்குள்ளே இறங்கி, தனியாக ஒரு சில்லு வண்டியைக் கொண்டுபோய்ப் பூட்டுவாங்க. அதுக்குப் பிறகுதான் கரைக்கு இழுப்பாங்க" என்று சீயா கையால் காட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி சொன்னா, "யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க". உண்மைதான், யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரைவிட்டுப் போன ஒரு மனுசன் ஐம்பது வருசமாக மனசில் வைத்திருந்தது அது. தண்ணிக்குள்ளே இறங்கின அந்த ஆட்களை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை. சில்லைப் பிடுங்கினேன். குழியை மூட அப்பாவின் பெட்டியில் மிச்சமிருந்த கடைசிப் பலகையை வெட்டினேன். மறுபடி தேய்த்து, மறுபடி வர்ணம். இன்னும் மூன்று மாதம்.

1943 முதல் 1945 வரை இதே கொக்கலையிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்குக் கட்டலீனாக்கள் இறங்காமல் பறந்தன. 27 மணி முதல் 33 மணி நேரம், ஆகாயத்திலேயே ரெண்டு தரம் சூரியன் உதிக்கும். எரிபொருள் பாரத்தால் மூன்று பிரயாணிகளுக்குத்தான் இடம். அதைச் செய்ய இன்னொரு பெட்டி வேண்டும். இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் அல்லவா போகிறது!

சரி, பேசியது போதும். சின்னப் பிள்ளைகள் முதலில் வரிசையாக வாங்க. குமிழ் வழியாக எட்டிப் பாருங்க, உள்ளே ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் மூன்றரை சென்ரிமீற்றர் உயரம். குமிழைத் தொடாதீங்க. ஆனால் பக்கத்திலே விரல் வைத்துத் தடவலாம், அப்பாவின் பலகை ஒட்டின இடம் கைக்குத் தெரியும்.