டிக்கியை விட்டுக்கொடுக்காம பேஸ்

போன வாரம் ஊருக்கு, திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். மாமா அங்கே ஒரு செடான் கார் வெச்சு டாக்ஸி ஓட்டறார். நாதஸ்வரக் கச்சேரிப் பைத்தியம். "மாப்ள, தவில்ல வலந்தலை மட்டும் கணீர்னு கேக்குது, தொப்பி சத்தத்தையே காணோம்டா"ன்னார். சப்வூஃபர் போட்டாத்தான் ஆகும்னு கடையில சொல்லிட்டாங்களாம். செலவை விடுங்க, அந்தப் பெட்டி டிக்கியில பாதியை அடைச்சுக்கும். பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற குடும்பத்தோட பைகளை எங்கே வைப்பார்? அந்தச் சவாரிதான் அவருக்கு மாசத்தோட பெரிய வருமானம்.

பின் சீட்டுக்குப் பின்னால இருக்கிற தட்டுலதான் 6x9 ஸ்பீக்கர் ரெண்டும். முதல்ல சத்தத்தை முழுக்கப் பின்பக்கம் தள்ளினேன். அப்புறம் பேலன்ஸை இடது பக்கம் மட்டும் வெச்சேன். பேஸ் கூடிருச்சு! ரெண்டு ஸ்பீக்கரை விட ஒண்ணுல பேஸ் அதிகம்னா, ஒயர் மாத்தி மாட்டியிருக்குன்னு அர்த்தம். ஒரு கோன் முன்னால வரும்போது இன்னொண்ணு பின்னால போகுது; ஒண்ணு தள்ற காத்தை இன்னொண்ணு இழுத்துக்குது. வலது ஸ்பீக்கரோட பிளஸ், மைனஸை மாத்தினேன். அஞ்சு நிமிஷ வேலை, பைசா செலவில்லை.

அடுத்தது ஓட்டை. கோனோட முன்பக்க அலை காருக்குள்ள வருது, பின்பக்க அலை டிக்கிக்குள்ள போகுது. ரெண்டும் நேரெதிர். 60 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர், அதாவது காரை விட நீளம். அதுக்குச் சின்ன இடைவெளி கிடைச்சாலும் சுத்திவந்து ஒண்ணையொண்ணு அழிச்சிரும். தட்டோட இரும்புல ஒயர் போக வெட்டின ஓட்டைகளை பியூட்டைல் ஷீட் ஒட்டி அடைச்சேன். ஸ்பீக்கர் விளிம்பைச் சுத்தி ஃபோம் டேப். என்னைக் கேட்டா, அதிகமா பலன் குடுத்தது இந்த அடைப்புதான்.

பேஸ் பூஸ்ட்டை மட்டும் ஏத்தாதீங்க. 6 டெசிபல் கூட்டினா நாலு மடங்கு பவர் வேணும். அட்டைப்பெட்டியில 50 வாட்னு போட்டிருக்கிற செட் நிஜத்துல தொடர்ந்து குடுக்கிறது 20 வாட் பக்கம்தான், மிச்சம் கரகரப்பு. பூஸ்ட்டை எடுத்துட்டு, ஹைபாஸ் ஃபில்டரை 60ல வெச்சேன். பேஸ் வேணும்னு சொல்லிட்டு பேஸை வெட்டறியேன்னு மாமா முறைச்சார். ஆனா அந்த ஸ்பீக்கரால வாசிக்கவே முடியாத அடி ஸ்வரத்துக்காகக் கோன் வீணா ஆடறது நின்னதும், வால்யூமை இன்னும் ரெண்டு படி ஏத்த முடிஞ்சது.

சப்வூஃபர் மாதிரி நெஞ்சுல இடிக்காது, அது உண்மை. கிரிவலப் பாதையில ஒரு ரவுண்டு, 14 கிலோமீட்டர் போனோம். "தொப்பி வந்துருச்சுடா"ன்னார். பாதி வழியில பின்னாடி ஏதோ கடகடன்னு சத்தம். இறங்கிப் பார்த்தா நம்பர் பிளேட் தாளம் போடுது. மிச்சமிருந்த ஃபோம் டேப்பை அதுக்குப் பின்னால ஒட்டிட்டு வந்தோம்.