அம்மாவின் கை விறைப்பு எங்கே இருந்து வந்தது?

(வேலையில் இறந்தவர்களையும் காயப்பட்டவர்களையும் நினைவுகூரும் ஏப்ரல் 28ஐ ஒட்டி, ஸ்காபரோவில் நடந்த எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இந்த நாளை 1984இல் தொடங்கி வைத்தது கனடாவின் பொதுத்துறை ஊழியர் சங்கமான கியூப்பி. 1991இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. வழக்கமாக இன்றைக்கு இறந்தவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றுவோம். நான் உயிரோடு இருக்கிற ஒரு ஆளின் வலது கையைப் பற்றிக் கதைக்கப் போறன். அது என்ர அம்மாவின்ர கை. அவவிட்டக் கேட்டுத்தான் கதைக்கிறன். "என்ர பேரும் வேண்டாம், ஃபக்டரியின்ர பேரும் வேண்டாம். மிச்சத்தைச் சொல்லு" எண்டு சொல்லித்தான் அனுப்பினவ.

அம்மாவுக்கு 54 வயது. உறைய வைத்த சாப்பாடு செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஏஜென்சி மூலம், 12 வருடமாகப் பொதி கட்டும் வரிசையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு வலது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைக்கத் தொடங்கின. தோளில் இருந்து கீழே ஒரு உளைவு. முதலில் சித்தாலேப. பிறகு டைலனோல். பிறகு, "வயசு போகுதுதானே." தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்து விழுந்து உடையத் தொடங்கின பிறகுதான் டொக்டரிடம் போனோம்.

மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சொல்லி அவர் ஒரு பட்டி தந்தார். அது பிழையான ஊகம் இல்லை. மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் இடையே ஒடுக்கமான வழி இருக்கிறது. அதற்குள்ளால் போகும் நரம்பு நெருக்கப்பட்டால் இதே விரல்கள்தான் விறைக்கும். அம்மா ஐந்து மாதம் பட்டி போட்டா. ஒரு மாற்றமும் இல்லை.

பிசியோதெரபிக்குப் போக இன்னும் மூன்று மாதம் எடுத்தது. காரணம் காசு. ஒன்ராறியோவில் 2005இல் பிசியோதெரபியின் பெரும்பகுதியை ஓஹிப் கைவிட்டது. இன்றைக்கு 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும், ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்கள், சமூக உதவிப் பணம் எடுப்பவர்கள் போன்றோருக்குத்தான் அது இலவசம். உடம்பை வைத்து உழைக்கிற வயதில் இருப்பவர்கள் கையில் இருந்துதான் கட்ட வேண்டும், அல்லது வேலையிடக் காப்புறுதி இருக்க வேண்டும். ஏஜென்சி வேலையில் அம்மாவுக்கு ஏது காப்புறுதி? ஒரு தடவை போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். அந்த பிசியோதெரபிஸ்ட் முதல் கால் மணி நேரம் கையைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டா. விழுந்தீர்களா? காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருக்கிறதா? நடக்கும்போது தடுமாறுகிறதா? சலம் போவதில் சிக்கலா? நெஞ்சு இறுக்கம் வருகிறதா? ஏன் என்று நான் கேட்டேன். சில நோ தசையில் இருந்தோ மூட்டில் இருந்தோ வருவதில்லை, இதயத்தின் நோவே கையில் தெரியலாம், அவற்றை முதலில் விலக்க வேண்டும் என்றா. நெஞ்சை இறுக்கி, வியர்த்து, கைக்கு நோ பரவினால் பிசியோவுக்கு இல்லை, நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இதை எல்லாரும் வீட்டில் சொல்லி வையுங்கோ.

பிறகு கேட்டா: "என்ன வேலை செய்யிறீங்கள்?"

1700இல் இத்தாலியின் மோடெனாவில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு "உன் தொழில் என்ன" என்பதையும் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். 300 வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தக் கேள்வியை அம்மாவிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா சொன்னா: "சும்மா ஃபக்டரி வேலை. பாரமில்லை." உடனே என் பக்கம் திரும்பி, "பிள்ளை, வேலையைப் பற்றி ஒண்டும் சொல்லாத. எழுதினா ஏஜென்சிக்குப் போயிடும்."

நான் முதல் வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தேன். தொழிலாளர் உரிமை பற்றி உங்களுக்கு முன்னால் எத்தனை தரம் பேசியிருப்பன்! அண்டைக்கு அம்மாவின்ர பயத்துக்கு நானும் துணை போனேன்.

அடுத்தது சோதனை. மணிக்கட்டை மடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தா. விறைப்பு கூடவில்லை. நரம்பின் மேல் தட்டினா. ஒன்றுமில்லை. பிறகு தலையை மேலே நிமிர்த்தி, வலப்பக்கம் சரித்து, மெதுவாக அழுத்தினா. "ஐயோ, விரலுக்குப் போகுது" என்று அம்மா கத்தினா. உடனே அழுத்தத்தை விட்டு, வலது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னா. உளைவு குறைந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா ஒரு வருடமாகக் கையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் படுப்பா. அது பழக்கம் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

நோ இருந்தது கையில். அதன் தொடக்கம் கழுத்தில். கழுத்தெலும்புகளுக்கு இடையால் வெளியே வரும் நரம்பு, தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் சரிக்கும்போது நெருக்கப்படும். கையை மேலே தூக்கினால் இழுவை குறையும்.

"இவ நாள் முழுக்க எந்தப் பக்கம் பார்க்கிறா?" என்று கேட்டா.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கதிரையை விட்டு எழும்பினா. அந்தச் சின்ன அறையில் அலுமாரிக்கு முன்னால் போய் நின்று செய்து காட்டினா. பெல்ட் வலப்பக்கம், மேலே. அம்மா ஐந்து அடி உயரம்கூட இல்லை. நிமிர்ந்து வலப்பக்கம் பார்க்க வேணும், கையை எட்டி எடுக்க வேணும், லேபிள் சரியா எண்டு மேலே இருக்கிற திரையைப் பார்க்க வேணும், இடப்பக்கப் பெட்டியில வைக்க வேணும். திரும்பவும் வலப்பக்கம். எட்டு மணித்தியாலம். 12 வருடமாக அம்மா செய்கிற வேலையை அண்டைக்குத்தான் நான் முதல் தரம் பார்த்தேன். அம்மா சொன்னதையும், முதலில் சொல்ல வேண்டாம் என்றதையும், எல்லாவற்றையும் அவவிடம் கேட்டு மொழிபெயர்த்தேன்.

பட்டி போய், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி வந்தது. ஒரு கொப்பியில் நாள்தோறும் நோவை எழுதச் சொன்னா. இரண்டு கிழமை லீவில் விறைப்பு பாதியாகக் குறைந்தது. வேலைக்குப் போன மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பயிற்சி வேலை செய்தது, ஃபக்டரி அதை அழித்தது. கொப்பியில் அது அப்படியே தெரிந்தது.

அதே இடத்தில் மாறி மாறி நிற்கும் இன்னும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தொழிற்சங்கங்களில் பாவிக்கிற ஒரு முறை இருக்கிறது: உடம்பின் உருவத்தை வரைந்து, நோகும் இடத்தில் எல்லாரும் அடையாளம் போடுவது. கலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தோம். ஒட்டுவதற்கு வேறொன்றும் இல்லை, அம்மாவின் ஒட்டுப் பொட்டு எடுத்தோம். மூன்று பேரின் பொட்டும் கழுத்தின் வலப்பக்கத்திலும் வலது தோளிலும் வந்து குவிந்தது. "எனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன்" என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

ஒன்ராறியோவில் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கூட்டுக்குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது பாதிப்பேர் நிர்வாகத்தைச் சேராத தொழிலாளர்கள். பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அம்மா 12 வருடமாக அந்தத் தாளைக் கடந்து போயிருக்கிறா. அதில் இருந்த ஒரு பிலிப்பினோ அக்காவிடம் மூன்று பேரும் கலண்டர் தாளோடு போனார்கள். சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். குழு வந்து உயரத்தை அளந்தபிறகு சிரிக்கவில்லை. நிற்க ஒரு மேடை வந்தது. திரை கீழே இறங்கியது. மணிக்கு ஒரு தரம் இடம் மாறுகிறார்கள். பெல்ட்டின் வேகம் மட்டும் குறையவில்லை.

டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்குக் கோரிக்கையும் போட்டிருக்கிறோம். பொதுவாக 6 மாதத்துக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதேங்கோ. வேலையால் வந்த காயத்தை அறிவிக்காமல் தடுப்பது சட்டப்படி குற்றம். ஏஜென்சி சொல்வது, "இது வயசுத் தேய்மானம்." 2015இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பில், முதுகில் நோவே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்ததில் 20 வயதினரில் 37 சதவீதத்துக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்துக்கும் முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்திருந்தன. தேய்மானம் எங்களில் கனபேருக்கு இருக்கும். ஏன் வலப்பக்கம் மட்டும், ஏன் அந்த ஒரு இடத்தில் நின்ற மூன்று பேருக்கும் என்பதற்கு வயது பதில் சொல்லாது. கோரிக்கை இன்னும் முடியவில்லை. அம்மாவின் பெருவிரல் இன்னும் கொஞ்சம் விறைக்கிறது. கோப்பை விழுவதில்லை.

தோழர்களே, கையை மட்டும் பார்த்து ஐந்து மாதம் வீணாகப் போனது. நாங்களும் இன்னொரு பக்கத்தால் அதே பிழையை விடுகிறோம். "எல்லாத்துக்கும் முதலாளித்துவம்தான் காரணம்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுறம். அது உண்மைதான். ஆனா எந்த பெல்ட், எத்தனை அடி உயரம், வேகத்தை ஆர் தீர்மானிக்கினம், பக்கத்தில ஆருக்கு நோகுது எண்டு கேட்காட்டி அந்த மேடை வந்திராது.

பின் மேசையில் பெரிய தாளில் ஒரு உடம்பு வரைந்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு பெட்டி பொட்டு. தேத்தண்ணி எடுக்கப் போகும்போது உங்கள் நோவையும் ஒட்டுங்கோ, பக்கத்தில் என்ன வேலை என்று எழுதுங்கோ. இரவு வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ அப்பாவிடமோ, "வேலையில என்ன செய்யிறனீங்கள், ஒருக்கா செய்து காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ. அவை எழும்பி நிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பொறுத்திருங்கோ.