யாருடைய ரகசியம்? யாருடைய கணக்கு?

(பாலசமுத்திரத்தில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லாட்டரிதான் 2003 ஜனவரியிலேயே தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சே, இனி அதைப் பேசி என்ன ஆகப் போகுது என்று கேட்பீர்கள். தடை பண்ணினது கடையை. ஆசையை யாரும் தடை பண்ணலை. கேரள அரசு லாட்டரி முடிவை வச்சு மூணு நம்பர் சீட்டு எழுதுறது கூலிக்குப் போற ஜனங்க மத்தியிலதான். அச்சடிச்ச சீட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. பணத்தைக் கட்டினவன் ஏமாந்தால் புகார் கொடுக்கவும் வழி கிடையாது.

1968இல் அண்ணா ஆட்சியில் இங்கே அரசு பரிசுச்சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். சேரிக்காரன் வீட்டில் எத்தனை தடவை விழுந்தது? நாட்டுக்கு விழுந்ததில் சேரிக்கு எவ்வளவு வந்தது? இந்தக் கணக்கை நாம கேட்டதே இல்லை.

1949இல் அரசியல் நிர்ணய சபையில், சூதாட்டம் என்ற சொல்லையே மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். அண்ணல் அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிட்டால் சூது ஒழியாது, மாநிலத்தின் கட்டுப்பாடுதான் போகும். அனுமதிக்கவும் தடுக்கவும் அந்த அதிகாரம் வேண்டும் என்பது அவர் வாதம். ஒழுக்கம் பேசுறது சுலபம். கண்காணிப்புதான் கஷ்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது: சீட்டை அரசே தன் முத்திரையோடு அச்சடிக்க வேண்டும். குலுக்கலை அரசே நடத்த வேண்டும். விற்ற பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும். யாரும் கேட்டு வராத பரிசு அரசுக்குச் சொந்தம். 2010 விதிகளின்படி அச்சடித்தது எத்தனை, விற்றது எத்தனை, குலுக்கல் நேரத்தில் விற்காமல் கிடந்தது எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். இந்த விற்காத சீட்டில்தான் சூட்சுமம் இருக்கு. அதுக்கு விழுந்த பரிசு யார் கைக்குப் போகுதுன்னு கணக்கு இல்லாவிட்டால், வாங்கினவன் பணம் வியாபாரி மடிக்குப் போகும்.

இனி ரகசியத்துக்கு வருவோம். 2022 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தது ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு. பேரும் படமும் எல்லா இடத்திலும் வந்தது. பணம் கேட்டு வந்த கூட்டத்தில் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் தவித்தார். ஏழைக்குப் பரிசு விழுந்தால் ஊருக்கே தெரிய வேண்டும்!

லாட்டரி முதலாளி கட்சிக்குக் கொடுத்தால்? அது ரகசியம். 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் கொடுத்தவன் பேரை மறைத்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தபிறகுதான், 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது கோவையின் ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி கம்பெனி என்று தெரிந்தது. அதில் 509 கோடி வந்ததை தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்திருந்தது. திரிணாமுல் காங்கிரசும் பா.ஜ.க.வும்கூட அந்தக் கம்பெனியிடம் வாங்கின. லாட்டரியைக் கண்காணிக்க வேண்டிய கைகளே லாட்டரிப் பணத்தை வாங்கினால் கண்காணிப்பு எங்கிருந்து வரும்?

ஆகவே நம்ம நிலை இதுதான். பரிசு வாங்கினவன் பேர் அவன் விருப்பம் இல்லாமல் வெளியே வரக் கூடாது. ஆனால் சீட்டின் கணக்கு, குலுக்கலின் கணக்கு, ஏஜென்ட்டின் கமிஷன், கட்சிக்குப் போன நன்கொடை, இது நாலும் மறைக்கக் கூடாது. சீட்டு வாங்கினது கூலிக்காரன் காசு. அந்தக் கணக்கு அவனுக்குச் சொந்தம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் நம்ம கையில் இருக்கு. வணிக ரகசியம் என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் எட்டாவது பிரிவு சொல்கிறது. அதை எடுத்துக் காட்டுங்கள். திருவனந்தபுரத்து லாட்டரி அலுவலகத்துக்கு எழுதுங்கள்: விற்காத சீட்டுக்கு விழுந்த பரிசு எவ்வளவு? நம்ம மாவட்டப் போலீசுக்கும் எழுதுங்கள்: மூணு நம்பர் வழக்கில் பிடித்ததில் சீட்டு எழுதின கூலிக்காரன் எத்தனை பேர், நடத்தின முதலாளி எத்தனை பேர்?

பதில் வரட்டும். அடுத்த கூட்டத்தில் அந்தக் காகிதத்தை வைத்துப் பேசுவோம்.