அரங்கமும் அரசும்

(கிறிஸ்து அரசர் பெருவிழாவை முன்னிட்டு வானொலியில் வழங்கிய மறையுரை)



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பங்குப் பெண் ஒருத்தி, சில நாள்களுக்கு முன் ஆங்கிலச் சொற்பட்டியலோடு வந்தாள். "ஃபாதர், தியேட்டர், தியோக்ரசி ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குதே, ரெண்டுக்கும் வேர் ஒண்ணா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் வேர் வேறு. தியேட்டர் என்றால் பார்க்கும் இடம். தியோக்ரசி என்றால் இறைவனின் ஆட்சி. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு முதல் நூற்றாண்டிலேயே எழுதிய சொல் அது.

அங்கே ஒட்டாத இந்த இரண்டும் நம் ஊரில் ஒட்டி நிற்கின்றன. காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அரங்கம் என்றால் ஆற்றின் நடுவே உள்ள திட்டு. ஆடும் மேடைக்கும் அதுவே பெயர். மார்கழியில் அங்கே திவ்வியப் பிரபந்தத்தைத் தாளமிட்டுப் பாடி அபிநயிப்பவர்கள் அரையர்கள். அரையர் என்றால் பழந்தமிழில் அரசர். கோயில் என்ற சொல்லும் கோ, இல் என்று பிரியும், அரசரின் வீடு. நாமும் ஞாயிற்றுக்கிழமை "கோயிலுக்குப் போறேன்" என்றுதான் சொல்லிக் கிளம்புகிறோம். அரசர் வீட்டுக்குப் போகிறோமா, நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போகிறோமா?

அந்தப் பட்டியலில் இன்னொரு சொல்லும் இருந்தது: ஹிப்போகிரிட். கிரேக்கத்தில் அதற்கு முதலில் மேடை நடிகர் என்றே பொருள். நம் விவிலியம் 'வெளிவேடக்காரர்' என்று அழகாகச் சொல்கிறது. மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தர்மம், செபம், நோன்பு மூன்றையும் சொல்லி, மூன்று முறையும் இந்தச் சொல்லால் எச்சரிக்கிறார். மக்கள் பார்க்க வேண்டும் என்று செய்யாதீர்கள் என்று அவர் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது, தியேட்டர் பிறந்த அதே வேர்ச்சொல். நடிப்பது பாவமல்ல. கடவுள் முன்னால் நடிப்பதுதான் பாவம்.

என் கதையைச் சொல்கிறேன். குருமடம் சேருமுன் எங்கள் ஊர்ப் பாஸ்காவில் எனக்கு ஆண்டவர் வேடம். செந்நிறப் போர்வை, முள்முடி, கையில் ஒரு கோல். வீரர்கள் முழந்தாளிட்டு, "அரசே வாழ்க" என்று ஏளனம் செய்தார்கள். சிலுவையிலிருந்து நான் எல்லாரையும் மன்னித்தபோது ஊரே அழுதது. அப்போது வரப்புத் தகராறில் என் அண்ணனோடு இரண்டு வருடமாக எனக்குப் பேச்சில்லை. வீட்டுக்கு வந்து முகத்துச் சாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து, "மேடையில அடிச்சவன எல்லாம் மன்னிச்சிட்ட. வீட்டுல இருக்குற அண்ணன மட்டும் மன்னிக்க மாட்டியாய்யா?" என்றார். சாயம் அப்போதுதான் கலைந்தது. அன்று இரவே அண்ணன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பி, "தம்பிக்கும் சோறு போடு" என்றார்.

அன்பர்களே, பிலாத்தின் மாளிகையில் நடந்ததும் ஒரு நாடகம்தான். பொய்முடி சூட்டி வீரர்கள் நடித்தார்கள். ஆனால் நடுவில் நின்றவர் நடிக்கவில்லை. அவர் உண்மையாகவே அரசர், உண்மையாகவே மன்னித்தார். 1925ஆம் ஆண்டு, முதல் உலகப்போரில் முடியரசுகள் பல சரிந்த பின், திருத்தந்தை 11ஆம் பயஸ் இவ்விழாவை ஏற்படுத்தியபோது திருச்சபைக்கு நினைவூட்டியது இந்த அரசரைத்தான்.

முன்பு கர்த்தர் கற்பித்த செபத்தில் 'இராச்சியம்' என்றோம். இப்போது 'ஆட்சி' என்கிறோம். இராச்சியம் என்றால் எங்கோ ஓர் இடம் நினைவுக்கு வரும். ஆட்சி என்றால் இன்று, இந்த வீட்டில், யார் சொல் நடக்கிறது என்ற கேள்வி வரும். நம் வீட்டில் யார் சொல் நடக்கிறது? ஆண்டவர் சொல்லா, வரப்புத் தகராறா?

இன்று இரவு படுக்குமுன், பேசாதிருக்கும் ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பார்க்க யாரும் இல்லாத நேரத்தில் பேசுங்கள். மறைவாய் உள்ளதைக் காணும் தந்தை அதைக் காண்பார்.

அரசராகிய ஆண்டவரே, எங்கள் வேடங்களைக் களைந்து, எங்கள் உள்ளங்களில் ஆட்சி செய்தருளும். ஆமென்.