விண்ணப்ப எண் எங்கே பிறக்கிறது?



போனிலேயே ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீங்கன்னு வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, புகைப்படம், குடும்ப அட்டை எல்லாம் பதிவேற்றி, 'சமர்ப்பி' பொத்தானைத் தொடுறீங்க. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுத்துது. ரெண்டு மூணு நொடியில் ஒரு எண் வருது: உங்கள் விண்ணப்ப எண். இந்த எண்ணை நீங்க டைப் பண்ணலை. எந்த அலுவலரும் உட்கார்ந்து எழுதலை. வட்டம் சுத்துற அந்த நேரத்தில் கணினி தானாக உருவாக்கிய எண் அது. இன்னைக்கு நான் பேசப்போவது அந்த ரெண்டு மூணு நொடியைப் பற்றித்தான்.

"அது இன்ஜினியர் வேலை, நமக்கு எதுக்கு?" என்று தோணலாம். அந்த நேரத்தில் ஒரு சின்ன விஷயம் பிசகினால், உங்க மகளின் மதிப்பெண் சான்று வேறு யாரோ ஒருவரின் விண்ணப்பத்தோடு போய்ச் சேர்ந்துவிடும். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் இது நடந்தால் அலைச்சல் யாருக்கு? நமக்குத்தான். அதனால் கொஞ்சம் தெரிஞ்சு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு விண்ணப்பம், பல அட்டவணைகள்

நீங்க கொடுக்கிற விவரங்கள் எல்லாம் 'தரவுத்தளம்' என்ற இடத்தில் சேமிக்கப்படுகின்றன. அதை அட்டவணைகள் நிறைந்த ஒரு பெரிய பதிவேடு என்று நினைச்சுக்கோங்க. இப்படி அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்றை எண்களால் இணைக்கலாம் என்ற கருத்தை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். இன்றைக்கும் பெரும்பாலான இணையச் சேவைகள் அந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

ஏன் பிரிக்கணும்? குடும்ப அட்டையையே பாருங்க. ஒரு வீட்டில் ரெண்டு பேர், இன்னொரு வீட்டில் ஏழு பேர். எல்லாரையும் ஒரே வரியில் எழுத முடியாது. அட்டைக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்குத் தனி அட்டவணை என்று வைப்பதுதான் வசதி. ஒவ்வொரு உறுப்பினரின் வரியிலும் "நான் இந்த அட்டையைச் சேர்ந்தவர்" என்று அட்டையின் எண் இருக்கும்.

இ-சேவையில் வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு 'கேன்' எண் தெரிந்திருக்கும். உங்களைப் பற்றிய விவரத்தை ஒருமுறை பதிந்து அந்த எண்ணை வாங்கிட்டால் போதும். பிறகு சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என எதற்கு விண்ணப்பித்தாலும் அதையே பயன்படுத்தலாம். ஒரு நபர், பல விண்ணப்பங்கள். ஒரு விண்ணப்பம், பல இணைப்புகள். இவற்றைக் கோத்துப் பிடிக்கிற நூல்தான் எண்.

இங்கேதான் ஒரு சிக்கல். உங்க விண்ணப்பம் முதல் அட்டவணையில் ஏறும்போதுதான் அதற்கு எண் கிடைக்குது. இணைப்புகளை அடுத்த அட்டவணையில் எழுத அந்த எண் வேணும். அப்போ, இப்போதான் பிறந்த எண்ணை மென்பொருள் எப்படித் தெரிஞ்சுக்கும்?

ரெண்டு எழுத்தர், ஒரு பதிவேடு

ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவைக் கற்பனை செய்துகொள்ளுங்க. ரெண்டு எழுத்தர்கள் ஒரே பதிவேட்டில் மனுக்களைப் பதிகிறார்கள். முதல் எழுத்தர் உங்க மனுவைப் பதிகிறார். எண் 501. அதே எண்ணை உங்க இணைப்புகளிலும் எழுதணும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் இன்னொருவரின் மனுவைப் பதிந்துவிடுகிறார். எண் 502.

இப்போ முதல் எழுத்தர் "கடைசியாகப் பதிந்த எண் என்ன?" என்று பதிவேட்டைப் புரட்டினால் 502தான் கண்ணில் படும். அதை உங்க இணைப்புகளில் எழுதினால், உங்க மதிப்பெண் சான்று அடுத்தவர் கோப்பில் இருக்கும். உங்க கோப்பு "இணைப்பு இல்லை" என்று திரும்பும்.

மென்பொருளில் சிலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு வரியைச் சேர்த்த பிறகு, "அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண் எது?" என்று கேட்டு, அதையே தன் எண்ணாக எடுத்துக்கொள்வது. ஒரே ஒருவர் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும்போது இது சரியாகவே வேலை செய்யும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரத்தில் ஒரே நேரத்தில் பலர் பொத்தானை அழுத்தும்போதுதான் தவறும். அப்போதும் திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஏன்னா 502 என்ற விண்ணப்பம் உண்மையிலேயே இருக்கே! இல்லாத எண்ணோடு இணைத்தால் தரவுத்தளம் தடுத்துவிடும்படி அமைக்க முடியும். இருக்கிற, ஆனால் தவறான எண்ணோடு இணைத்தால் அதற்குத் தெரியாது.

சரியான கேள்வி எது?

"கடைசி எண் என்ன?" என்பது தவறான கேள்வி. "இப்போ எனக்கு நீ கொடுத்த எண் என்ன?" என்பதுதான் சரியான கேள்வி. இதைக் கேட்பதற்குத் தரவுத்தள மென்பொருள்களில் தனி வசதியே இருக்கு.

மைஎஸ்கியூஎல் மென்பொருளில் அதன் பெயர் 'லாஸ்ட் இன்சர்ட் ஐடி'. பெயரில் 'லாஸ்ட்' இருந்தாலும் அது ஊருக்கெல்லாம் கடைசி எண்ணைச் சொல்வதில்லை. கேட்கிற இணைப்பு வழியாகக் கடைசியாக உருவான எண்ணை மட்டும் சொல்லும். பக்கத்து எழுத்தர் எத்தனை மனு பதிந்தாலும் உங்க எழுத்தருக்கு 501 என்றே பதில் வரும். போஸ்ட்கிரஸ் மென்பொருளில் 'ரிட்டர்னிங்' என்ற சொல்லைச் சேர்த்தால், வரியை எழுதும் அதே கட்டளையே எண்ணையும் கையில் கொடுத்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் ரெண்டு வழி உண்டு. 'ஐடென்டிட்டி' என்று பொதுவாகக் கேட்பது ஒன்று. 'ஸ்கோப் ஐடென்டிட்டி' என்று கேட்பது இன்னொன்று. சில அமைப்புகளில் விண்ணப்பம் பதிவானதுமே, யார் எப்போது பதிந்தார் என்ற குறிப்பு வேறோர் அட்டவணையில் தானாக ஏறும். அந்தக் குறிப்புக்கும் ஓர் எண் உண்டு. பொதுவாகக் கேட்டால் அந்தக் குறிப்பின் எண் வந்துவிடலாம். ஸ்கோப் சேர்த்துக் கேட்டால் உங்க விண்ணப்பத்தின் எண்ணே வரும். ஒரு சொல் வித்தியாசம்தான். ஆனால் உங்க ஆவணம் எங்கே போய்ச் சேரும் என்பதை அது தீர்மானிக்குது.

பாதியில் நின்றால்?

விண்ணப்பம் பதிவாகி, இணைப்புகள் ஏறும் முன்பு ஏதோ கோளாறு வந்தால் என்ன ஆகும்? இதற்காகத்தான் 'டிரான்சாக்‌ஷன்' என்ற முறை. விண்ணப்பம், இணைப்பு, கட்டண விவரம் எல்லாம் ஒரே கட்டு. எல்லாம் ஏறினால் உறுதியாகும். ஒன்று தவறினாலும் மொத்தமும் ரத்தாகும். பாதி விண்ணப்பம் என்று ஒன்று உள்ளே தங்காது.

ஆனால் ரத்தான விண்ணப்பத்துக்குக் கொடுத்த எண் பொதுவாக மறுபடி இன்னொருவருக்குப் போகாது. அதனால் வரிசையில் நடுநடுவே எண்கள் விடுபட்டிருக்கலாம். "501 இருக்கு, 503 இருக்கு, 502 எங்கே? யாரோ அழிச்சுட்டாங்களா?" என்று சந்தேகப்படத் தேவையில்லை. பாதியில் நின்ற ஒரு முயற்சியாகவும் அது இருக்கலாம்.

உங்க பக்கம் செய்ய வேண்டியவை

உள்ளே சரியாக எழுத வேண்டியது மென்பொருள் உருவாக்குபவர்களின் கடமை. நம்ம பக்கம் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கு.

முதலாவது, வட்டம் சுத்தும்போது பொத்தானை மறுபடி அழுத்தாதீங்க. நல்ல மென்பொருள் ரெண்டாவது அழுத்தலைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். ஆனால் எல்லா மென்பொருளும் அப்படி இல்லை. ஒரே நபருக்கு ரெண்டு விண்ணப்பம், ரெண்டு எண் என்று ஆனால் எதில் எந்த இணைப்பு இருக்கு என்ற குழப்பம் வரும்.

ரெண்டாவது, பணம் கழிந்து எண் வரவில்லை என்றால் உடனே புது விண்ணப்பம் போடாதீங்க. முதலில் குறுஞ்செய்தி வந்திருக்கான்னு பாருங்க. பிறகு உங்க கணக்கில் உள்நுழைந்து பழைய விண்ணப்பங்களின் பட்டியலைப் பாருங்க. எண் உள்ளே பிறந்திருக்கலாம். நெட்வொர்க் இல்லாததால் உங்க திரைக்கு வராமல் போயிருக்கலாம்.

மூணாவது, ஒப்புகைச் சீட்டைப் பதிவிறக்கி, படிச்சுப் பாருங்க. பெயர் உங்களுடையதா? பதிவேற்றிய ஆவணங்களைத் திறந்து பார்க்க வசதி இருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து அது உங்களுடையதுதானா என்று உறுதி செய்யுங்க. வேறொருவரின் ஆவணம் தெரிந்தால் அதைச் சேமிக்கவோ பகிரவோ வேண்டாம். உங்க எண்ணைக் குறிப்பிட்டு உதவி மையத்துக்குச் சொல்லுங்க. நீங்க சொல்வது உங்களுக்கு மட்டுமல்ல, அந்த இன்னொருவருக்கும் உதவி. அவருடைய விண்ணப்பமும் எங்கோ இணைப்பு இல்லாமல் நிற்கலாம்.

நாலாவது, எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதோடு ஒரு தாளிலும் எழுதி வையுங்க. வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க. எண்ணை வைத்து மட்டுமே யாரும் உங்க விவரத்தைப் பார்க்க முடியாதபடி தடுக்கத்தான் பல சேவைகளில் கைப்பேசிக்கு ஓடிபி வருது. அந்தப் பூட்டுக்கு நீங்களும் கொஞ்சம் காவல் இருங்க.

ஊரில் இருக்கிற பெரியவங்களுக்கு நீங்க விண்ணப்பித்துக் கொடுப்பீங்க, இல்லையா? அப்போ "முடிஞ்சுது பாட்டி" என்று மட்டும் சொல்லி போனைத் திருப்பிக் கொடுக்காதீங்க. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எந்தச் சேவைக்கு, எந்தத் தேதியில் என்றும் குறித்து, அவங்க கையில் கொடுங்க. அடுத்த முறை அலுவலகத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ போகும்போது அந்தத் தாள் ஒன்று இருந்தாலே அவங்க விண்ணப்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.