நிலவில் நிற்கும் சுவடுகள்



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர் பலர் என்னிடம் கேட்ட வினா ஒன்று உண்டு. "ஐயா, 1969-ஆம் ஆண்டிலேயே மனிதன் நிலவில் இறங்கினான் என்கிறீர்கள். அன்று முடிந்தது பிறகு ஏன் முடியவில்லை? உண்மையிலேயே போனார்களா?" என்பதே அவ்வினா. கேட்ட மாணவனைக் கடிந்து உட்கார வைத்தல் எளிது. ஆயினும் அவன் வினாவில் நியாயம் இருக்கிறது. ஒரு செயல் சில ஆண்டுகள் நிகழ்ந்து, பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் நிகழாது போனால், ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடை நிலவிலேயே கிடக்கிறது. அவ்விடையைக் காப்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1969 ஜூலை 20-ஆம் நாள், நீல் ஆம்ஸ்ட்ராங், எட்வின் ஆல்டிரின் என்னும் இருவர் நிலவில் 'அமைதிக் கடல்' என்ற பகுதியில் இறங்கினர். மைக்கேல் காலின்ஸ் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றி வந்தார். கடல் என்பது பெயரளவில்தான். அது நீரற்ற கரும்பாறைச் சமவெளி. இருவரும் கலத்திற்கு வெளியே உலவியது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். திரும்பியபோது இறங்குகலத்தின் கீழ்ப்பகுதியையும், நில அதிர்ச்சி அளக்கும் கருவியையும், லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடியையும் அங்கேயே விட்டு வந்தனர். 73 நாடுகளின் தலைவர்கள் விடுத்த வாழ்த்துரைகள் பொறித்த சிறு தகடு ஒன்றும் அங்கே இருக்கிறது. போட்டியில் எதிர்நின்ற சோவியத் நாட்டு வீரர்கள் ககாரின், கொமரோவ் ஆகியோரின் நினைவுப் பதக்கங்களையும் அங்கு வைத்தார்கள். போட்டியிலும் பண்பு குன்றாமை இதுவன்றோ!

1972 டிசம்பருக்குள் ஆறு பயணங்களில் 12 பேர் நிலவில் நடந்தனர். 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொணர்ந்தனர். அப்பல்லோ 17 பயணத்தின் தலைவர் யூஜின் செர்னனே கடைசியாக ஏணியில் ஏறியவர். அதன் பின்னர் நிலவில் எவரும் கால் வைத்ததில்லை.

ஏன்? அறிவு குறைந்ததாலன்று, நோக்கம் தீர்ந்ததால். அப்பயணங்களை உந்தியது அறிவு வேட்கை மட்டுமன்று; சோவியத் நாட்டை முந்த வேண்டும் என்ற அரசியல் வேகமே பெரிது. முந்தியாயிற்று, வேகமும் தணிந்தது. 1966-ஆம் ஆண்டளவில் அமெரிக்க நடுவண் அரசின் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் பெற்ற நாசா நிறுவனம், பிற்காலத்தில் அரைப் பங்கும் பெறவில்லை. திட்டமிட்ட மூன்று பயணங்கள் 1970-இல் கைவிடப்பட்டன. 111 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன் 5 இராக்கெட் 1973-க்குப் பின் பறக்கவில்லை. அதன்பின் வந்த விண்வெளி ஓடம் புவியை ஒட்டியே சுற்றியது. 1986-இலும் 2003-இலும் நேர்ந்த இரு விபத்துகளில் 14 உயிர்களைப் பறிகொடுத்து, 2011-இல் அதுவும் ஓய்ந்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகள், நிலவுக்கு மனிதரை அனுப்பிய அந்நாடு, தன் வீரர்களுக்கு உருசியக் கலத்தில் இடம் வாங்க வேண்டியதாயிற்று. 2000 முதல் மனிதர் தங்கிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. நிலவோ சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயிரம் அடி நடக்க வேண்டிய வழியில் ஓரடி வைத்து நிற்பது போன்றது இது.

மனிதர் போகாதது முற்றிலும் இழப்பே என்று நான் சொல்லமாட்டேன். மனிதனை அனுப்பினால் காற்றும் நீரும் உணவும் அனுப்ப வேண்டும். உயிரோடு மீட்டும் வர வேண்டும். கருவிக்கு அந்தக் கவலை இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நமது சந்திரயான் 3 நிலவின் தென்துருவத்தை அடுத்து இறங்கியபோது, ஒருவர் உயிரையும் பணயம் வைக்காமலே நாடு பெருமை கொண்டது. ஆனால் மனிதப் பயணம் அருகியதால், முன்பு நிகழ்ந்த பயணங்களின் தடங்கள் மேலும் அரியவை ஆயின என்பதை மறுக்க இயலாது.

அத்தடங்கள் அழியாதிருக்கும் காரணம் எளியது. நிலவில் காற்றில்லை, மழையில்லை. மிக நுண்ணிய விண்கற்கள் மட்டுமே மெல்ல மெல்ல அரிக்கின்றன. அவற்றுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளும் சிறு பொழுதே. 2009-இல் ஏவப்பட்ட அமெரிக்கச் சுற்றுக்கலம் எடுத்த படங்களில், வீரர்கள் நடந்த வழிகள் கோடு கோடாகத் தெரிகின்றன. ஐயுற்ற மாணவனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இயற்கை அழிக்காததை மனிதன் அழிக்கலாம். இதற்கும் நிலவே சான்று தந்திருக்கிறது. 1967-இல் சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலம் நிலவில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 அதற்கு ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் இறங்கியது. வீரர்கள் அப்பழைய கலத்தின் சில பகுதிகளைக் கழற்றிக் கொணர்ந்தனர். ஆய்ந்து பார்த்தபோது, அப்பல்லோவின் எரிபொறி கிளப்பிய தூசி அவற்றின் மேற்பரப்பைத் தேய்த்திருந்தது தெரிந்தது. தடுக்கக் காற்றில்லாத இடத்தில் தூசியும் தோட்டாவைப் போல் பாயும். இன்று அரசுகள் மட்டுமல்ல, தனியார் நிறுவனங்களும் நிலவில் கலங்களை இறக்குகின்றன. புகழ்பெற்ற இடத்தின் அருகே இறங்கும் ஆசை எவருக்கும் எழலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, நிலவின் எப்பகுதியையும் எந்நாடும் தன்னுடையது எனக் கொள்ளலாகாது. ஆனால் அங்கு விட்ட பொருள்கள், அனுப்பிய நாட்டுக்கே உரியவை. எனவே இறங்குகலம் அமெரிக்காவுக்கு உரியது. அதனருகே பதிந்த காலடியோ எவருக்கும் உரியதன்று! 2011-இல் நாசா சில நெறிகளை வகுத்தது: புதிய கலங்கள் இரண்டு கிலோமீட்டர் விலகி இறங்கவேண்டும், அப்பல்லோ 11 இடத்தில் 75 மீட்டருக்குள்ளும், அப்பல்லோ 17 இடத்தில் 225 மீட்டருக்குள்ளும் எதுவும் நுழையலாகாது என்பன அவை. இவை வேண்டுகோளேயன்றிக் கட்டளை அல்ல. 2020-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும் பிற நாட்டாரைக் கட்டாது. விண்வெளி மரபுச் சின்னங்களைக் காக்க உறுதி கூறும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்தியா 2023-இல் கையொப்பமிட்டது. சீனாவும் உருசியாவும் அதில் சேரவில்லை.

"காப்பது என்ற பெயரால் வேலி போட்டு இடத்தைக் கவர்ந்துகொள்வார்களோ?" என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வீணானதன்று. அதற்கு மருந்து, நெறியை எல்லார்க்கும் பொதுவாக்குவதே. அமைதிக் கடலுக்குரிய மதிப்பு, 1966-இல் முதன்முதலாக மெல்ல இறங்கிய சோவியத்தின் லூனா 9-க்கும், நமது சந்திரயானுக்கும் உரியதாதல் வேண்டும். பழம்பொருள் என்று இகழவும் வேண்டா. 1970-இல் சென்ற சோவியத்தின் உலவு வண்டி லுனோகோட் 1, நாற்பது ஆண்டுகள் கழித்து 2010-இல் கண்டறியப்பட்டது. அதன் ஆடி இன்னும் லேசர் ஒளியைத் திருப்பியது. இத்தகைய ஆடிகளைக் கொண்டே, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை அளந்துள்ளனர்.

பூமியில் நாம் காத்த இலட்சணத்தையும் நினைத்துப் பாருங்கள். அப்பல்லோ 11 பயணத்தின் மூல ஒளிப்பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே தெரிவித்தது. ஒளிபரப்பின் படிகளே எஞ்சின. நாடாவுக்குப் படி உண்டு. காலடிக்குப் படி இல்லை.

வறுமை நிறைந்த உலகில் இதற்குச் செலவு தேவையா எனக் கேட்பீர்கள். நிலவுக்குச் செல்லவே பெருஞ்செலவு; அங்குள்ளதைக் காக்கச் செலவு சிறிது. சற்று விலகி நின்றால் போதும்.

அடுத்த முழுநிலா நாளில் வானைப் பாருங்கள். நிலவின் முகத்தில் தெரியும் கருந்திட்டுகளுள் ஒன்று அமைதிக் கடல். உங்களுள் ஒருவர் நாளை விண்கலம் செலுத்தலாம்; மற்றொருவர் பன்னாட்டு அவையில் சட்டம் வகுக்கலாம். அன்று அவ்விடத்திற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னதாகவே கலத்தை நிறுத்துங்கள். "உண்மையிலேயே போனார்களா?" என்று பின்னொரு மாணவன் கேட்கும்போது, அவனுக்குக் காட்ட அச்சுவடு அங்கே இருக்கட்டும்.